பாகப்பிரிவினை வழக்குக்கு கோர்ட்டுக் கட்டணம் மட்டும் 1,20,000 ரூபாயா?

ஆத்தூர்ப்பெண்:
வணக்கம். கோர்ட்டு விவரம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். அப்பா உயில் எழுதாமல் 2016-இல் தவறிவிட்டார். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலமும் ஊரில் ஒரு வீடும் இருக்கின்றன. அம்மா, அண்ணன், நான் என்று மூன்றே வாரிசுகள். அண்ணன் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, "பொம்பளப் பிள்ளைக்கு நகை போட்டாச்சு, அதோட சரி" என்கிறார். என் மூன்றில் ஒரு பங்கு வழிகாட்டி மதிப்புப்படி 40 லட்சம் வருகிறது. ஒரு வக்கீல், பங்கு மதிப்பில் 3 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும் என்றார். இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம், சின்னத் தொகையிலேயே போட்டுவிடலாம் என்கிறார். ஒரே வழக்குக்கு எப்படி இரண்டு கணக்கு? ஜெயித்தால் கட்டிய பணம் திரும்பி வருமா?

கோரிப்பாளையம்:
நான் மதுரையில் சிவில் பக்கம் வக்கீலாக இருக்கிறேன். உங்களிடம் பேசிய இரண்டு பேருமே சட்டத்தில் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு 1955-ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் தாவா மதிப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. பாகப்பிரிவினைக்கு அதில் 37-ஆவது பிரிவு. சொத்தின் அனுபவத்திலிருந்து நீங்கள் வெளியேற்றப்பட்டிருந்தால் 37(1): உங்கள் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்டணம். கூட்டு அனுபவத்தில் இருந்தால் 37(2): நிலையான ஒரு சிறு தொகை. 40 லட்சத்துக்கு 3 சதவீதம் என்பது முதல் வகை.

நீங்கள் ஊரில் குடியிருக்கவில்லை என்பதாலேயே வெளியேற்றப்பட்டவர் ஆகிவிட மாட்டீர்கள். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் மற்றவர்களுக்காகவும் சேர்த்து அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். வருமானத்தில் பங்கு கொடுக்கவில்லை என்பது மட்டும் வெளியேற்றம் ஆகாது, பிராதை, அதாவது வழக்கு மனுவை, முழுவதும் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நீலாவதி வழக்கில் சொன்னது. அது இதே தமிழ்நாட்டுச் சட்டத்தின் 37-ஆவது பிரிவைப் பற்றிய வழக்கு.

முதலில் இவற்றைச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா? அப்பா உயிரோடு இருக்கும்போது அண்ணன் பெயருக்கு செட்டில்மென்ட் ஏதாவது எழுதிக் கொடுத்தாரா? நீங்கள் ஊருக்குப் போனால் அந்த வீட்டில்தான் தங்குகிறீர்களா? நோட்டீஸ் விட்டாயிற்றா?

பழைய சிரஸ்தார்:
சப் கோர்ட்டில் பிராது சரிபார்க்கும் மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், அம்மா. கட்டணம் குறைய வேண்டும் என்பதற்காக மூன்றாவது பத்தியில் "வாதியும் பிரதிவாதியும் கூட்டு அனுபவத்தில் இருந்து வருகின்றனர்" என்று எழுதுவார்கள். ஏழாவது பத்தியில் கோபம் வந்துவிடும். "பிரதிவாதி வாதியை நிலத்துக்குள் கால் வைக்கவிடாமல் விரட்டிவிட்டு வேலி போட்டுக்கொண்டார்" என்று இருக்கும். அப்படிப்பட்ட பிராதை "37(1)-இன்கீழ் கட்டணம் எப்படிச் செலுத்தாமல் இருக்கலாம்" என்று எழுதித் திருப்பிவிடுவோம். நாங்கள் கவனிக்காமல் வழக்குக்கு நம்பர் விழுந்துவிட்டால் எதிர்த்தரப்பு விடாது. எதிருரையில், அதாவது பிரதிவாதியின் பதிலில், முதல் ஆட்சேபணையே அதுவாகத்தான் இருக்கும். பிறகு பற்றாக்குறைக் கட்டணம் கட்டச் சொல்லி உத்தரவு, அதற்குக் கால அவகாசம், அதன்மேல் சீராய்வு மனு என்று போகும். அசல் வழக்கு அப்படியே நிற்கும்.

அதனால் எது உண்மையோ அதை எழுதச் சொல்லுங்கள். கட்டணத்துக்காக அனுபவத்தை ஜோடித்தால் குறுக்கு விசாரணையில் கூண்டில் நிற்பது நீங்கள்தான், வக்கீல் இல்லை.

இப்போது 3 சதவீதமாவது இருக்கிறது. 2017 மார்ச்சுக்கு முன்னால் 7.5 சதவீதம். உங்கள் கணக்குக்கு மூன்று லட்சம் ரூபாய் வரும். அவ்வளவு பணம் புரட்ட முடியாமல் பிராதுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கட்டண வில்லை (ஸ்டாம்ப்) ஒட்டிக் கொண்டுவந்த காகிதத்தில் துளை போடும்போது, இந்தக் குடும்பத்தில் எதை அடகு வைத்தார்களோ என்று தோன்றும்.

கருப்பட்டி:
எல்லோரும் கட்டணத்தைக் குறை சொல்கிறீர்கள். கட்டணமே இல்லை என்றால் என்ன ஆகும்? எங்கள் தெருவில் ஒருவர் பொழுது போகாமல் பக்கத்து வீட்டுக்காரர்மேல் வழக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் ஃபீஸ் கொடுத்தே ஓய்ந்துவிட்டது. வாசலில் ஒரு தடுப்பு வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கோரிப்பாளையம்:
கருப்பட்டி அண்ணே, உங்கள் தெருக்காரர் போடுவது பெரும்பாலும் உறுத்துக் கட்டளை (தடை உத்தரவு) கேட்கும் வழக்காக இருக்கும். சொத்தின் உரிமையே தகராறில் இல்லாதவரை அதற்குக் கட்டணம் சொத்து மதிப்புக்கு இல்லை, பிராதில் பரிகாரத்துக்குப் போடும் மதிப்புக்குத்தான். அதாவது வம்புக்கு வழக்குப் போடுகிறவருக்கு வாசல் திறந்தே இருக்கிறது. அப்பா சொத்தில் நியாயமான பங்கு கேட்கிற பெண்ணுக்குத்தான் 1,20,000. தடுப்பு தடுக்க வேண்டியவரைத் தடுக்கவில்லையே.

இது இன்று நேற்று வந்த வாதமும் இல்லை. வீண் வழக்கைத் தடுக்கத்தான் கட்டணம் என்று 1795-ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குமுறையின் முகவுரையிலேயே எழுதினார்கள். பின்னாளில் இந்திய அரசின் சட்ட உறுப்பினராக இருந்த மெக்காலே அதைப் படித்துவிட்டு, இவ்வளவு அபத்தமான முகவுரை வேறெங்கும் இருக்காது என்ற தொனியில் குறிப்பு எழுதினார். கட்டணம் வீண் வழக்கையும் நியாயமான வழக்கையும் பிரித்துப் பார்க்காது, பணம் இருப்பவனையும் இல்லாதவனையும்தான் பிரிக்கும் என்பதுதான் விஷயம். 1958-இல் சட்ட ஆணையம் தன் 14-ஆவது அறிக்கையில் இந்தக் கட்டணத்தைக் கடுமையாகவே விமர்சித்தது. ஆனால் வழக்கு என்று போனபோது, மதிப்புக்கு ஏற்ற கட்டணம் செல்லும் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்நாடக வழக்கில் 1988-இல் ஒருமுறை, பிறகு நம் சென்னை வழக்கில் ஒருமுறை.

ஈஸ்ட்ஹாம் தமிழன்:
லண்டனில் இருந்து எழுதுகிறேன். தடுப்பு போட்டால் யார் நின்றுபோவார்கள் என்பது இங்கே கண்ணால் பார்த்த விஷயம். வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் அதுவரை கட்டணமே கிடையாது. 2013 ஜூலையில் கொண்டுவந்தார்கள். வேலைநீக்கம், பாகுபாடு போன்ற வழக்குகளுக்கு மனுவும் விசாரணையும் சேர்த்து 1,200 பவுண்டு. வழக்குகளின் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. வீண் வழக்குகள்தான் குறைந்திருக்கின்றன என்றால் ஜெயிக்கிற விகிதம் ஏறியிருக்க வேண்டும் அல்லவா, அது ஏறவில்லை. சில நூறு பவுண்டு சம்பளப் பாக்கிக்காக யார் கட்டணம் கட்டி வழக்குப் போடுவார்கள்? யூனிசன் தொழிற்சங்கம் வழக்கு நடத்தி, 2017 ஜூலையில் இங்குள்ள உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டண ஆணையையே சட்டவிரோதம் என்று ரத்து செய்தது. கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிவில் கோர்ட்டில் இங்கேயும் கட்டணம் உண்டு. 10,000 பவுண்டிலிருந்து 2 லட்சம் பவுண்டு வரை கோரினால் 5 சதவீதம், அதற்கு மேல் எவ்வளவு கோரினாலும் 10,000 பவுண்டுதான். உச்சவரம்பு இருக்கிறது. தோற்றவர் செலவைக் கொடுக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் நடைமுறையில் இருக்கிறது.

கருப்பட்டி:
தோற்றவர் செலவு கொடுப்பது என்றால் நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அப்படிப் பார்த்தால் வாசலில் தடுக்க வேண்டியதே இல்லை, முடிவில் வாங்கிக்கொள்ளலாம். நம் ஊரில் அது ஏன் நடக்கவில்லை?

பழைய சிரஸ்தார்:
சட்டத்தில் இருக்கிறது ஐயா. சிவில் நடைமுறைச் சட்டம் 35-ஆவது பிரிவுப்படி செலவுத்தொகை கொடுக்கச் சொல்லலாம். தீர்ப்பாணையின் கீழே ஒரு அட்டவணை இருக்கும். பிராதுக்கு ஒட்டிய வில்லை இவ்வளவு, வக்காலத்துக்கு இவ்வளவு, சம்மன் பேட்டா இவ்வளவு, வக்கீல் ஃபீஸ் இவ்வளவு என்று. அந்த வக்கீல் ஃபீஸ் விதிப்படி கணக்கிட்டுப் போடுவது, கட்சிக்காரர் உண்மையில் கொடுத்ததற்குப் பக்கத்திலேயே வராது. பொய் வழக்கு, பொய் எதிர்வாதம் என்று தெரிந்து கூடுதலாக ஈட்டுச் செலவு விதிக்கலாம் என்றாலும் 35-ஏ பிரிவில் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976-இல் வைத்த தொகை, இன்றும் அதேதான். 3,000 ரூபாய்க்குப் பயந்து யார் பொய் வழக்கை நிறுத்துவார்கள்? உண்மையில் ஆன நியாயமான செலவைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2015-இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது வணிக வழக்குகளுக்கு மட்டும் 35-ஆவது பிரிவை மாற்றி, தோற்றவர் கொடுப்பதுதான் பொது விதி என்று எழுதினார்கள். நிலத் தகராறுக்கும் குடும்பச் சொத்துக்கும் அந்த மாற்றம் வரவில்லை.

இதில் ஆத்தூர்ப்பெண்ணுக்கு முக்கியமான சேதி இருக்கிறது. பாகப்பிரிவினைத் தீர்ப்புகளின் கடைசி வரி பெரும்பாலும் எப்படி இருக்கும் தெரியுமா? "தரப்பினர் நெருங்கிய உறவினர்கள் என்பதால் அவரவர் செலவு அவரவரைச் சார்ந்தது." ஆகவே நீங்கள் கட்டும் கட்டணம் திரும்பாது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

ஆத்தூர்ப்பெண்:
எல்லோருக்கும் நன்றி. கோரிப்பாளையம் சார் கேட்டதற்குப் பதில். வில்லங்கச் சான்று எடுத்துவிட்டேன், அப்பா வாங்கிய கிரயத்துக்குப் பிறகு எந்தப் பதிவும் இல்லை. பட்டா மட்டும்தான் மாறியிருக்கிறது. அம்மா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார், அது அப்பா கட்டிய வீடு. நான் பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் போய் அங்கேதான் தங்குகிறேன். மாடி அறையில் என் பீரோவும் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களும் இன்னும் இருக்கின்றன. அறுப்பு முடிந்ததும் நெல் மூட்டை அனுப்புவார்கள், போன வருஷம்தான் நிறுத்தினார்கள். நோட்டீஸுக்கு அண்ணன் கொடுத்த பதிலில் "சொத்தில் பங்கு எதுவும் இல்லை" என்று இருக்கிறது. இது வெளியேற்றம் ஆகுமா?

கோரிப்பாளையம்:
பங்கு இல்லை என்று பதில் நோட்டீஸில் எழுதுவது உரிமையை மறுப்பது. அனுபவத்திலிருந்து வெளியேற்றுவது வேறு. நீங்கள் சொன்ன பீரோ, பாத்திரம், திருவிழாவுக்குத் தங்குவது, நெல் மூட்டை இதையெல்லாம் அப்படியே பிராதில் எழுதச் சொல்லுங்கள். இவை உண்மை என்றால் 37(2) தாராளமாகப் பொருந்தும். இன்னொரு காரணமும் இருக்கிறது. "என்னை வெளியேற்றிவிட்டார்" என்று ஒரு தேதி போட்டு எழுதினால் கட்டணம் மட்டும் ஏறாது, வழக்குப் போடுவதற்கான 12 வருஷக் காலவரையறை அன்றிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். கோபத்தில் எழுதும் ஒரு வரிக்கு இரண்டு பக்கமும் விலை.

அண்ணன் தரப்பு கட்டணத்தை வைத்து இழுத்தடித்தால், 1961-இல் ரத்னவர்மராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது கைகொடுக்கும். கட்டணச் சட்டம் அரசுக்கு வருவாய் சேர்க்க வந்தது, விசாரணையை முடக்கப் பிரதிவாதிக்குக் கொடுத்த ஆயுதம் இல்லை என்பது அதன் சாரம். அதுவும் நம் 1955 சட்டத்தின்கீழ் எழுந்த வழக்குதான்.

கட்டணத்தோடு செலவு முடிகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். பாகப்பிரிவினையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதலில் முதல்நிலைத் தீர்ப்பாணை, அப்புறம் சொத்தைப் பிரித்துக் கொடுக்க இறுதித் தீர்ப்பாணை. நடுவில் கோர்ட்டு நியமிக்கும் அட்வகேட் கமிஷனர் வந்து அளப்பார். அவருக்கு ஃபீஸ், சர்வேயருக்கு ஃபீஸ், வண்டிச் செலவு எல்லாம் மனுதாரர் தலையில். இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்க வேண்டும், அந்தத் தீர்வையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேல்முறையீடு போனால் அங்கேயும் முதல் கோர்ட்டில் கட்டிய அடிப்படையில் மறுபடி கட்டணம். யாராவது "ஜெயித்தால் சொத்தில் இத்தனை சதவீதம் கொடுங்கள், இப்போது ஒன்றும் வேண்டாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வழக்கறிஞருக்கு அது நடத்தை விதிக்கே எதிரானது, 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

லேத்துக்காரர்:
கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தீர்ப்பாயம் என்றால் மலிவு என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொழில் படுத்தபோது வங்கி, அடமானச் சொத்தைத் தானே எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் பட்டறையை எடுக்க வந்தது. 17-ஆவது பிரிவில் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போனேன். பாக்கி 30 லட்சம். கட்டணம் முதல் 10 லட்சத்துக்கு 5,000, அதற்கு மேல் லட்சத்துக்கு 250 வீதம், ஆக 10,000 ரூபாய். அது பரவாயில்லை. அங்கே தோற்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போக வேண்டும் என்றபோதுதான் விஷயம் புரிந்தது. பாக்கியில் பாதியைக் கட்டினால்தான் மனுவையே எடுப்பார்கள். காரணம் சொல்லிக் கேட்டால் 25 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே இல்லை. 30 லட்சத்தில் கால்வாசி ஏழரை லட்சம். அந்தப் பணம் இருந்திருந்தால் கடனுக்கே கட்டியிருக்க மாட்டேனா? முதல் கட்டத்திலேயே 75 சதவீதம் கட்டச் சொன்ன விதியை 2004-இல் மார்டியா வழக்கில் ரத்து செய்தார்கள் என்று வக்கீல் சொன்னார். மேல்முறையீட்டில் உள்ளது மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் என்னைப் போன்றவனுக்கு அதுவும் வாசலில் போட்ட பூட்டுதான்.

தேனிக்காரன்:
மேல்முறையீட்டுக்கு முன்பே பணம் கட்ட வேண்டும் என்ற அதே விதி நுகர்வோர் ஆணையத்தில் சாமானியனுக்குச் சாதகமாக வேலை செய்கிறது. அங்கே பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. 5-லிருந்து 10 லட்சம் வரை 200 ரூபாய். நாமே மனு எழுதி நாமே பேசலாம். கம்பெனி மேல்முறையீடு போனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டணம் இல்லாததால் வீண் வழக்கு குவிந்தால் என்ன செய்வது என்று கருப்பட்டி கேட்கலாம். முகாந்திரம் இல்லாத புகார் என்றால் ஆரம்பக் கட்டத்திலேயே ஏற்க மறுக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறதே.

கருப்பட்டி:
சரி, நான் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வழக்குப் போடும்போது மதிப்புக்கு ஏற்ற கட்டணம் வேண்டாம். ஆனால் வீண் வழக்கு என்று தீர்ப்பானால் எதிர்த்தரப்பின் முழுச் செலவும் அவர் தலையில் விழ வேண்டும். 3,000 ரூபாய் என்பதைக் கேட்டதும் எனக்கே கோபம் வந்தது.

ஆத்தூர்ப்பெண்:
37(2) ஒத்துவராமல் 1,20,000 கட்டியே ஆக வேண்டும் என்றால்? என் பெயரில் சொத்து கிடையாது, வீடு கணவர் பெயரில். நகை கொஞ்சம் இருக்கிறது. கட்டண விலக்கு கேட்க முடியுமா?

பழைய சிரஸ்தார்:
மூன்று வழி உண்டு. முதலாவது, சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 33, வறியவர் மனு. உங்கள் வசதியைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அரசு வக்கீலுக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும், நகையைப் பற்றிக் கேள்வி வரும். அந்த மனு முடியவே நாளாகும். அதோடு, விலக்கு என்றால் ஒரேயடியாகத் தள்ளுபடி இல்லை. நீங்கள் ஜெயித்தால் அந்தக் கட்டணத்துக்குச் சொத்தின்மேல் அரசுக்கு முதல் பாத்தியதை.

இரண்டாவது, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987 சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. வழக்கில் முகாந்திரம் இருக்கிறது என்று பார்த்து வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். சட்ட உதவி என்பதில் கோர்ட்டுக் கட்டணமும் பேட்டாவும் அடங்கும், அதனால் மனுவிலேயே அதைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விவரம் கேட்கலாம்.

மூன்றாவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே அதே ஆணைக்குழுவில் மனு கொடுத்து அண்ணனைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கலாம், செலவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பத்திரமாகப் பதிய நினைத்தாலும், குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு 2023 ஜூலை முதல் ஒரு பங்குக்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000.

கோரிப்பாளையம்:
ஐயா சொன்னதோடு ஒன்று. கட்டணம் கட்டி வழக்கு நம்பரான பிறகு சமரசம் ஆனாலும் பணம் போகாது. அதே 1955 சட்டத்தின் 69-ஏ பிரிவில் திரும்பக் கேட்கலாம். கோர்ட்டு அனுப்பி வைத்த சமரசத்துக்கு மட்டும்தான் அது என்று பதிவுத்துறை தகராறு செய்தது. தரப்பினர் தாங்களே வெளியில் பேசி முடித்தாலும் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமே மேல்முறையீடு போன வழக்கு அது.

ஆத்தூர்ப்பெண்:
மனசு கொஞ்சம் தெளிந்தது. திங்கட்கிழமை திண்டுக்கல் போய் ஆணைக்குழுவில் மனு கொடுக்கிறேன். அம்மாவையும் வழக்கில் சேர்க்க வேண்டுமா? அவர் பெயரை கோர்ட்டுக்கு இழுக்க எனக்கு இஷ்டமில்லை.

கோரிப்பாளையம்:
சேர்க்காமல் முடியாது அம்மா. அவரும் பங்குதாரர், விட்டுவிட்டால் தேவையான தரப்பினர் இல்லை என்று வழக்கே அடிபடும். பிரதிவாதி என்று போடுவதால் அவர்மேல் குற்றம் சொல்வதாக ஆகாது, போடுவதற்கு முன்னால் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். அவர் தன் பங்கையும் தனியாகப் பிரித்துக் கேட்க நினைத்தால் தனி வழக்கு வேண்டாம். எதிருரையிலேயே கேட்கலாம், 37(3)-இன்படி அதற்குக் கட்டணம் பாதிதான். ஆணைக்குழுவுக்குப் போகும்போது வாரிசுச் சான்று, அப்பாவின் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, அண்ணனின் பதில் நோட்டீஸ் நான்கிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.